வெடிமருந்துக்கு ஒரு மூலை

என் வலது தோள் பழுதானதற்குத் துவக்கு காரணமில்லை. முதியோர் இல்லத்தில் வருடக்கணக்காக ஆட்களைத் தூக்கி இருத்தியும் புரட்டிப் படுக்கவைத்தும்தான் அது பழுதானது. ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து கட்டை அவிழ்த்த வைத்தியரிடம் நான் முதலில் கேட்டது, இனித் துவக்குச் சுடலாமா என்பதைத்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டு வைத்த, தலைக்கு எண்ணெய் வைத்த, கட்டையான ஒரு நடுவயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது என்று அவருக்கு இருந்திருக்கும். உதை குறைந்த தோட்டா என்றால் சுடலாம், இல்லையென்றால் மறந்துவிடுங்கள் என்றார்.

நான் சுடுவது ஆட்களையோ மிருகங்களையோ அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் சனத்தில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சாசர் அளவில் ஒரு தட்டு. களிமண் தட்டு என்று பெயர், ஆனால் அதில் களிமண் கிடையாது. துவக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு "ஹொப்!" என்று கத்தினால் ஓர் இயந்திரம் அதை வானத்தில் எறியும். அது தூரப் போவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

என்னை அந்த விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரி. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்துக்கு வெளியே, சோளக் காணிகளைத் தாண்டி, அவளுடைய சுடுவோர் சங்கம் இருந்தது. சும்மா வேடிக்கை பார்க்க வா, நல்ல கேக் கிடைக்கும் என்றாள். கேக்குக்காகத்தான் போனேன். முதல் வெடி கேட்டவுடன் மேசைக்குக் கீழே போய்விட்டேன். உண்மையாகவே கீழே. அவள் சிரிக்கவில்லை. குனிந்து, என் கோப்பியைக் கீழேயே நீட்டினாள். அதற்காக அவளுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏன் திரும்பிப் போனேன் என்றால், அங்கே வெடி என் சொல்லுக்குக் காத்திருந்தது. ஊரில் இருந்தவரை வெடிச்சத்தம் எங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. சாப்பிடும்போது வந்தது, பள்ளிக்கூடத்தில் வந்தது, குளிக்கும்போது வந்தது. இங்கே நான் வாய் திறந்து "ஹொப்" என்று சொல்லும்வரை அந்த மைதானமே பேசாமல் நின்றது. நாள் முழுக்க இல்லத்து முதியவர்களின் மணிச்சத்தத்துக்கு ஓடுகிற எனக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. முறையாகப் பழகி, சோதனை எழுதி, எனக்கென்று ஒரு துவக்கும் வாங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தோள் போனது. கடையில் விற்கிற மிக மெதுவான தோட்டாகூட என் தோளுக்குத் தாங்கவில்லை. ஒரு சுற்று முடிப்பதற்குள் கண்ணால் தண்ணீர் வந்தது. என் சிநேகிதிதான் சொன்னாள், சங்கத்தில் சில பேர் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, தங்களுக்குத் தேவையான மாதிரித் தாங்களே தோட்டா செய்கிறார்கள், நீயும் பழகினால் உன் தோளுக்கு ஏற்றதை நீயே செய்துகொள்ளலாம் என்று. அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு படிப்பும் சோதனையும் வேண்டும். எல்லாவற்றையும்விட, வெடிமருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். என் கணவர் வெடிச்சத்தத்துக்குப் பயந்தவர். பயந்தவர் என்று சொல்வது போதாது. நான் மேசைக்குக் கீழே போனால் பிறகு வெளியே வந்துவிடுவேன். அவர் ஊரில் குண்டுக்குப் பயந்து போயிருந்த பதுங்குகுழியிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. வருடப் பிறப்புக்கு எங்கள் தெருவே வாணவேடிக்கை விடும்போது அவர் எங்கள் வீட்டு நிலவறைக்குள் போய்விடுவார். இடி இடித்தாலும் அங்கேதான். ஒரு கதிரை, ஒரு போர்வை, ஒரு பழைய வானொலி. அதைப் பகிடியாக "என்ர பங்கர்" என்பார். ரொட்டி ஆலையில் இரவு வேலை முடிந்து வந்து, காரணமே இல்லாமலும் சில நாள் அங்கே போய் இருப்பார். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அது.

எனக்கும் அந்த ஒரே இடம்தான் வேண்டியிருந்தது. மேல்மாடி ஆட்கள் படுக்கும் இடம், அங்கே வைக்கக் கூடாது. தோட்டத்துக் கொட்டிலில் ஈரம். வீடு சூடாக்கும் இயந்திரம் நிலவறையில் வேறு அறையில் இருந்தது, அதனால் மற்ற அறை சட்டத்துக்குச் சரியாக வந்தது. அந்த மற்ற அறைதான் அவருடைய பங்கர்.

துவக்கு வாங்கியபோது அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "இரும்புதானே, பூட்டி வையும், அது தன்ரபாட்டில கிடக்கும்" என்றார். நிலவறையில் வெடிமருந்து வைக்கலாமா என்று கேட்டபோது மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"ஏலாது," என்றார். "வீட்டுக்குள்ள மருந்து வைக்க ஏலாது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது. ஒரு கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாத்திரங்களோடு பேசினேன். பிறகு ஒரு நாள் வேலையால் வந்து உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினேன். அந்த அறை துப்புரவாகக் கூட்டிக் கிடந்தது. சுவரோடு தடித்த பலகையில் ஒரு மேசை அடித்து இறுக்கியிருந்தார். கதிரையும் போர்வையும் வானொலியும் இல்லை.

ஓடிப்போய் இது என்ன என்று கேட்டேன். "மேசை ஆடக்கூடாதெண்டு நீர்தானே ஆருக்கோ ஃபோனில சொன்னீர்," என்றார்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. படிப்புக்குப் பெயர் கொடுத்தேன். ஆனால் அந்தக் கோடையில் ஒரு பின்னேரம் பெரிய இடி இடித்தது. நான் வேலையால் வந்தபோது அவர் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் துவாயைத் தலையில் போட்டபடி இருந்தார். கீழே போகவில்லையா என்று கேட்டேன். "அது இப்ப உம்மட இடமெல்லே," என்றார். மருந்து இன்னும் வீட்டுக்குள் வரவேயில்லை. வரப்போகிறது என்ற நினைப்பே அவரைத் துரத்திவிட்டது. என் தோளுக்காக அவருடைய பங்கரைப் பறித்துக்கொண்டேனே என்று அன்றுதான் உறைத்தது. விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நான் ஒருக்கா ஓம் எண்டால் ஓம்தான்," என்று துவாயை மடித்துவிட்டு எழும்பிப் போனார்.

படிப்பு, ஒரு கிராமத்து உணவுக்கடையின் பின் அறையில் நடந்தது. முழுக்க ஆம்பிளைகள். போய் இருந்தவுடன் ஒருவர் திரும்பி, "இங்கே கோப்பி எப்போது வரும்?" என்று என்னைக் கேட்டார். "எனக்கும் அதுதான் தெரியவேண்டும், கொண்டுவந்தால் எனக்கும் ஒன்று ஊற்றுங்கள்," என்றேன். அந்த மனிதர் காது வரை சிவந்துபோய், அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் எனக்குக் கோப்பி ஊற்றினார். சோதனைக்கு முதல் எனக்கு விளங்காத சட்டச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தவரும் அவர்தான். என்னைக் கோபப்படுத்தித் தொடங்கிய எத்தனை பேர் எனக்கு நல்லவர்களாக முடிந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வெட்கமாகவும் நன்றியாகவும் இருக்கிறது.

படிப்பித்தவர் பெரிய மீசையும் மெல்லிய குரலும் உள்ளவர். வேலை சின்னது, விதி பெரிது என்பார். சுட்ட கோதிலிருந்து மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன மூட்டியைத் தட்டி எடுத்துப் புதியது பொருத்துவது. மருந்தை நிறுத்துப் போடுவது. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஈயச் சன்னங்கள். கடைசியில் கோதின் வாயை மடித்து மூடுவது. அந்த மடிப்பைப் பார்த்தவுடன் எனக்குக் கொழுக்கட்டைதான் ஞாபகம் வந்தது, முதல் நாளிலேயே அந்த வேலையில் நான்தான் கெட்டிக்காரி. மற்றதில் கஷ்டப்பட்டேன். நான் உப்பையோ தூளையோ வாழ்க்கையில் அளந்து போட்டவள் இல்லை, கைதான் கணக்கு. இங்கே கையை நம்பினால் துவக்கு வெடிக்கும். தராசு சொல்வதைத்தான் கேட்க வேண்டும், புத்தகத்தில் உள்ளதைவிட ஒரு துகளும் கூடக் கூடாது. என் கைக்கு அது பெரிய அவமானம்.

நெருப்பைப் பற்றி அவர் சொன்னதற்கு அளவே இல்லை. சிகரெட் கூடாது. மெழுகுதிரி கூடாது. சூடாக்கி கூடாது. சிந்தினால் மென்மையான தூரிகையால் கூட்டி, வெளியே கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். சோதனையில் நெருப்புக் கேள்வி ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவருமே கர்ப்பூரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் கர்ப்பூரம் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது.

அனுமதி வர மாரிகாலம் ஆகிவிட்டது. தோட்டா அமுக்கிச் செய்யும் இயந்திரத்தை மேசையில் பூட்டினேன். மருந்துப் போத்தல் வந்தது, பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்தேன். தைப்பூசத்தன்று எனக்கு விடுமுறை. நல்ல நாள், இன்றைக்கே முதல் தோட்டாவைச் செய்துவிடலாம் என்று காலையில் கோப்பி குடிக்கும்போது சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் கீழே இறங்கினேன்.

அவரும் நல்ல நாள் என்ற சொல்லைக் கேட்டுவிட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் புதுத் தையல் மெசின் வந்தபோதும், பழைய கார் வாங்கியபோதும், கேக் சுடும் வெதுப்படுப்புப் பூட்டியபோதும் அவர்தான் கர்ப்பூரம் காட்டித் தொடங்கிவைத்தவர். அது இல்லாமல் ஒரு இயந்திரமும் இந்த வீட்டில் ஓடியதில்லை.

மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்து தராசின் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டிருப்பேன். படியில் காலடி கேட்டது. நிமிர்ந்தால், வேட்டி உடுத்து, திருநீறு பூசி, பித்தளைத் தட்டில் கர்ப்பூரம் கொழுந்துவிட்டு எரிய அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். கத்திய கத்தலில் கிண்ணம் தட்டுப்பட்டு மருந்து மேசையில் சிந்தியது. "வராதேங்கோ! மருந்து திறந்து கிடக்கு!"

அவர் பாதிப் படியில் சிலையாகிவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"மேல போங்கோ, மேல!"

"ஏத்தின கர்ப்பூரத்தைக் காட்டாமல் திருப்பிக்கொண்டு போறதோ?"

"அப்ப அணையுங்கோ!"

"வாயால ஊதியோ? தைப்பூசத்தண்டோ?" அவ்வளவு பயத்திலும் அவருக்கு என்மேல் கோபம் வந்தது. "விசரே உமக்கு?"

இரண்டும் அவரால் ஏலாது என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். போத்தலை மூடி இறுக்கினேன். சிந்தியதைத் தூரிகையால் கிண்ணத்துக்குள் கூட்டினேன். மேசையை ஈரத்துணியால் ஒருமுறைக்கு இருமுறை துடைத்தேன். போத்தலை ஒரு கையிலும் கிண்ணத்தை மற்றக் கையிலும் எடுத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போகும் நிலவறைக் கதவை முழங்கையால் திறந்து, படியேறி வெளியே ஓடினேன். உள்படியில் அவர் ஒவ்வொரு கட்டியாகப் போட்டுக் கர்ப்பூரத்தை அணையவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டியது. நான் வீட்டுச் செருப்போடு, கொட்டிலின் தாழ்வாரத்துக்குக் கீழே, போத்தலைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இப்ப வாங்கோ!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் யன்னலைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டாள். எல்லாம் சரி, என் கணவர் சாமி கும்பிடுகிறார் என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவள் யன்னலை மெல்லச் சாத்தினாள். நிலவறையின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அவர் இயந்திரத்துக்கு மும்முறை கர்ப்பூரம் சுற்றி, சந்தனப் பொட்டு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் நின்றார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்த மனிதன் உலகத்தில் எதற்கு அதிகம் பயப்படுகிறானோ அதற்கே பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்காக.

கர்ப்பூரம் தானாக அணைந்த பிறகு வெளியே வந்தார். மழை விட்டிருந்தது. ஆனால் பயம் விடவில்லை. என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார், கிட்ட வரவில்லை.

"ஒரு கர்ப்பூரத்துக்கு நீர் இந்த ஓட்டம் ஓடுறீர்," என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. "அப்ப நான் அதுக்கு மேல எப்பிடிப் படுக்கிறது? சொல்லும். இனி இந்த வீட்டில நான் எங்க போய் இருக்கிறது?"

இத்தனை மாதமாக அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. தோளாவது, தட்டாவது, இந்தப் போத்தலை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன். உண்மையாகவே முடிவு செய்தேன். ஆனால் சிந்தியதை எரிக்க வேண்டும். விதி விதிதான். போத்தலைக் கொட்டிலுக்கு அந்தப் பக்கத்து மேசையில் தூரமாக வைத்தேன். அந்த ஒரு சிட்டிகை மருந்தில் பாதியை ஈரமில்லாத ஒரு கல்லில் மெல்லிய கோடாகப் போட்டேன். கடதாசியை நீளமாக முறுக்கிக் கொளுத்தினேன்.

"என்ன செய்யிறீர்?"

"எரிக்கவேணும். நீங்கள் உள்ள போங்கோ."

அவர் போகவில்லை. இரண்டு காதுக்குள்ளும் விரலைச் செருகி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். நான் கடதாசியை நீட்டினேன். மஞ்சளாக ஒரு சுவாலை சீறிக்கொண்டு கோட்டின் மேல் ஓடியது. முடிந்துவிட்டது. மழையில் நனைந்த கம்பி மத்தாப்பு எரிந்தாலும் அதைவிடக் கூடச் சத்தம் வரும். கல்லில் ஒரு கறுப்புத் தடம்.

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அப்படியே நின்றார். தோள் இரண்டும் காதுவரை உயர்ந்து, உடம்பு முழுக்க அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக இப்படிக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் கண்ணால் கண்டமாதிரி இருந்தது. போய் அவருடைய கைகளைப் பிடித்து மெல்ல இறக்கினேன்.

"இன்னும் வெடிக்கேல்லையே?" என்றார்.

"முடிஞ்சுதப்பா. எரிஞ்சிட்டுது."

"சத்தம்?"

"இல்லை. திறந்த இடத்தில அது வெடிக்காது. எரியும், அவ்வளவுதான். இறுக்கி அடைச்சால்தான் வெடி. பாடத்தில எங்கட வாத்தியாரும் இப்பிடித்தான் எரிச்சுக் காட்டினவர்."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "மிச்சம் கொஞ்சம் கிடக்கு," என்றார். கடதாசியை என் கையிலிருந்து வாங்கினார். மிச்ச மருந்தை நான் வேறொரு கல்லில் போட, அவர் குந்தியிருந்து, கையை எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவும் நீட்டி, தானே பற்றவைத்தார். இந்தமுறை அவர் காதைப் பொத்தவில்லை. ஒரு கையில் கடதாசி, மற்றக் கை என் முழங்கையில். அந்தப் பிடி எனக்கு நொந்தது. சுவாலை ஓடி முடிந்தபோது கை தானாகத் தளர்ந்தது.

நான் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்ல வேண்டியவள். கோப்பியை மேசைக்குக் கீழே நீட்டியவளுக்கு, மெல்லிய குரலில் விதி சொல்லித் தந்தவருக்கு, காது சிவந்த மனிதருக்கு. ஆனால் அன்று அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

அவர் எழும்பி வேட்டியை உதறினார். தூரத்து மேசையில் இருந்த போத்தலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"திரும்ப மழை வரப்போகுது," என்றார். "அது நனைஞ்சு பழுதாப்போடும். உள்ள கொண்டு வாரும்."

சொல்லிவிட்டு எனக்கு முதல் அவரே தோட்டத்துப் பக்கத்து நிலவறைப் படியில் இறங்கினார்.